அறுபத்தொன்றாவது பெயர்: பீடி சுற்றும் ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் அதன் பெற்றோரும்

தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அறுபத்தொன்று ஆகிவிட்டால் மூன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிற கணக்கு இது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். அன்றைக்கு ஒரு பெயர் குறைந்தால் மூன்றாவது டீச்சர் ‘சர்ப்ளஸ்’. அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மீதி இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் கட்டி இழுப்பார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பெற்றோர் டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். இப்படிக் கண்ணெதிரே கரைந்துபோன பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கரையாமல் நின்ற ஒரு பள்ளியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்ப்பதால் 2018 முதல் அந்தப் பள்ளிக்குப் போய்வருகிறேன். வகுப்பைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் 2021-க்குப் பிறகு அங்கே பிள்ளைகளைச் சேர்த்த தாய்மார்களிடமும் பேச ஆரம்பித்தேன். ஏன் வந்தீர்கள், ஏன் இருக்கிறீர்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்தேன். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. என்னிடம் மனசுவிட்டுப் பேசிய பெண்கள் அதே தெருவில் நாளைக்கும் இருக்க வேண்டியவர்கள்.

ஊரும் பள்ளியும்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி வட்டாரம். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. வயல் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான வீட்டில் அடுப்பு எரிவது பீடியால்தான். ஆண்கள் பலர் கேரளாவிலோ திருப்பூரிலோ சென்னையில் மளிகைக் கடையிலோ இருக்கிறார்கள். பெண்கள் காலையில் இலையை நனைத்து வெட்டி, மடியில் தட்டை வைத்து வாசலில் உட்கார்ந்தால், சாயங்காலம் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் வரை கை நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து போகும் ஒவ்வொரு அரைமணி நேரமும் கட்டுக் கணக்கில் குறையும்.

பள்ளி, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. மூன்று தலைமுறை அதில் படித்திருக்கிறது. அங்கே ஒரு பழைய பெஞ்சின் பின்பக்கம் உபயம் செய்தவர் பெயர் பாதி அழிந்த பெயிண்டில் இருக்கும். 1950-களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். ஊர்க்காரர்களே பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. இந்தப் பெஞ்சும் அந்த வகையில் வந்ததுதான் என்று ஊரில் சொல்கிறார்கள். அதற்கு முன்பே, 1956-இல், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கிவைத்தார். இந்த ஊரில் ஒரு ஆச்சி, சின்ன வயதில் பள்ளியில் குடித்த பால் பவுடர் பாலையும் கோதுமை உப்புமாவையும் இன்னும் நாக்கில் வைத்திருக்கிறார். “எனக்குச் சோறு போட்ட பள்ளிக்கூடம்லா, பேத்திய வேற எங்க விட?” என்று என்னிடம் கேட்டார்.

ஆச்சிக்கு அது போதும். மகளுக்கும் மருமகளுக்கும் அது போதாது. காலை ஏழரைக்கெல்லாம் தெருமுனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. டை கட்டின பிள்ளைகள் ஏறுகிறார்கள். 2018-இல் நான் முதலில் போனபோது பள்ளியின் எண்ணிக்கை அறுபதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஜூனில்தான் இப்போதைய தலைமையாசிரியை வந்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கொரோனா கொண்டுவந்த பிள்ளைகள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நடுவில் வருமானம் போன குடும்பங்கள் ஃபீஸ் கட்ட முடியாமல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் மாற்றின. மாநிலம் முழுக்க நடந்தது இது. இந்த ஊரிலும் வேனில் போய்க்கொண்டிருந்த ஒரு டஜன் பிள்ளைகளாவது இந்தப் பள்ளிக்கு வந்திருப்பார்கள். ஆகஸ்ட் கணக்கு அறுபத்தொன்றைத் தாண்டியது. மூன்றாவது டீச்சருக்குத் தலை தப்பியது.

ஆனால் இவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை, வேறு வழியில்லாமல் வந்தவர்கள். கையில் கொஞ்சம் காசு வந்ததும் வேனுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பல ஊர்களில் அப்படியே நடக்கவும் செய்தது. இங்கே பாதிக்கு மேல் ஐந்தாம் வகுப்பு வரை இருந்து படித்து முடித்தார்கள். சிலர் தம்பி தங்கையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஃபீஸ் கட்டும் நிலைமை திரும்பிய பிறகும் இருந்தார்கள் என்பதுதான் என்னை உட்கார்ந்து விசாரிக்க வைத்தது.

பொங்கலுக்குள்ளே

மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண்பிள்ளை. அதன் அம்மா பழைய பள்ளி நோட்டுகளை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினார். அழகான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக், ‘வெரி குட்’. பெரிய டீச்சர் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொன்னார். எழுத்துத் தெரிந்தது, கூட்ட வரவில்லை. இரண்டு வருஷம் பள்ளியே இல்லாமல் போனதில் பாதி, கரும்பலகையைப் பார்த்து வரைந்து பழகியதில் பாதி.

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். புதிதாக வந்த பெற்றோரை எதற்கு வருத்த வேண்டும் என்ற எண்ணம்தான். பெரிய டீச்சர் மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்தார். பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா இன்னும் வாசிக்க வரல. நான் பொங்கலுக்குள்ள வாசிக்க வச்சிருதேன். பொங்கல் கழிஞ்சு நீங்களே வந்து கேட்டுப் பாருங்க.”

அம்மாவுக்குக் கோபம். அவ்வளவு காசு கட்டிப் படிக்க வைத்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா என்று வீட்டில் போய் அழுதிருக்கிறார். அவரே என்னிடம் சொன்னது இது. “முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு சார். ஆனா தேதி சொன்னாங்கல்ல, அதான் இருந்து பாப்போம்னு இருந்தேன்.”

இந்தத் தேதி சொன்னதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் ‘கவனம் செலுத்துகிறோம்’, ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று பேசுவோம். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் கணக்குக் கேட்க முடியாது. பொங்கலுக்குள் என்று சொன்னால் பொங்கல் வந்தே தீரும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பள்ளியைப் பார்த்துக் கேள்வி கேட்க அதில் ஒரு பிடி கிடைக்கிறது.

பொங்கலுக்குள் முழுதாக வந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் தொற்று கூடியதால் பள்ளியைத் திரும்ப மூடினார்கள், பிப்ரவரியில்தான் திறந்தார்கள். பெரிய டீச்சர் மூடியிருந்த நாட்களில் அந்த வீட்டுக்கே போய், “பொங்கல்னு சொன்னேன், முடியல. மாசிக்கொடைக்குள்ள வந்துரும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாசி மாதக் கோயில் திருவிழாவைத்தான் இங்கே மாசிக்கொடை என்பார்கள். சொன்னபடியே வந்தது. பிள்ளை முதலில் வாசித்துக் காட்டியது பாடப் புத்தகத்தை இல்லை, அம்மாவின் பீடிப் பாஸ்புக்கை. அன்றைக்கு எத்தனை கட்டு, கழிவு எவ்வளவு என்று வரிசையாக வாசித்திருக்கிறது. அதுவரை அந்த அம்மா பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டித்தான் தெரிந்துகொள்வார்.

அந்தப் பாஸ்புக் விஷயத்தைத் தெருவில் சொல்லாத பெண் கிடையாது. பள்ளி எத்தனை பேனர் வைத்திருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஈடாகியிருக்காது.

தட்டுக்குப் பக்கத்தில்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லா ஊரிலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான்; ஆனாலும் கூட்டம் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். பீடி கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். வராதவர்களைப் பற்றி, ‘பிள்ளைகள் படிப்பில் அக்கறையில்லாத பெற்றோர்’ என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியிருக்கிறேன், அறிக்கையில். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பெரிய டீச்சர் கூட்டத்தை நிறுத்தவில்லை. அதோடு, வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்டதும் நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். நாலைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சுற்றும் வாசலில் இவரும் உட்காருவார். அவர்கள் கை வேலை செய்துகொண்டே இருக்கும். காது இவரிடம் இருக்கும். “இரிங்க டீச்சர், காப்பி போடட்டா?” என்று கேட்டால், “போட்டா உங்களுக்கு ரெண்டு கட்டு குறைஞ்சிரும், வேண்டாம்” என்பார். நான் ஒரு தடவை கூடப் போயிருந்தேன். பத்து நிமிஷத்தில் மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார். கூட்ட அறையில் ஒரு மணி நேரத்தில் நடக்காத பேச்சு அது.

அங்கே உட்கார்ந்ததால்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் பீடி வாய் மடக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சட்டப்படி அது கூடாத வேலை. உடம்புக்கும் கெடுதி, தூள் நெடி மூச்சில் ஏறும். இவர் வாசலில் வைத்து யாரையும் திட்டவில்லை. ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை எல்லாப் பிள்ளைகளையும் பள்ளித் திண்ணைக்கு அனுப்பச் சொன்னார். அந்த நேரம்தான் மடக்கும் வேலை இருக்கும் நேரம். 2021 கடைசியில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின் தன்னார்வலர்கள் வந்ததும் அதே நேரத்தில் அதே திண்ணையில் அவர்களையும் உட்கார வைத்தார். சில வீட்டில் வருத்தம் இருந்தது, கட்டு குறைகிறது என்று. அதை இவர் ஒத்துக்கொண்டார்.

ஈடாக ஒன்று செய்தார் என்று சொல்லலாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறை கல்வி உதவித்தொகை தருகிறது. இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பீடி அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் பொருந்த வேண்டும். பிறகு பள்ளி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு; ஆனால் இந்தத் தாய்மார்கள் சொன்னபடி, முன்பு படித்த இடத்தில் ஆஃபீஸில் கேட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றே பதில் வந்திருக்கிறது. ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருகிறது என்று தெரியாமல், பேரில் ஒரு எழுத்து மாறியதால், வீட்டுக்காரர் போனைக் கேரளாவுக்கு எடுத்துப் போனதால் விண்ணப்பம் நின்றுபோகும். பெரிய டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபைல் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்தார். இந்த ஃபைல்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு அடி

2022-இல் மூன்றாவது டீச்சர் ஒரு பையனை ஸ்கேலால் அடித்துவிட்டார். கையில் தடிப்பு. அம்மா சாயங்காலம் பள்ளி வாசலில் வந்து கத்தினார், தெருவே கேட்டது. பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது, எந்த ஆசிரியருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

பெரிய டீச்சர் அந்த டீச்சருக்காக வாதாடவில்லை. பையனின் கையைப் பார்த்தார், “தப்புதாம்மா” என்றார். அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த டீச்சரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். டீச்சர் பையனிடமே மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் மூன்று நாள் பெரிய டீச்சர் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். இதையும் அந்த அம்மாவிடம் சொன்னார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகன் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். டேர்ம் ஃபீஸ் பத்து நாள் தாமதமானதற்கு அவனைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். போய்க் கேட்டேன். ‘ஆஃபீஸில் பேசுங்கள்’ என்றார்கள். ஆஃபீஸில் ‘மேனேஜ்மென்ட்டில் பேசுங்கள்’ என்றார்கள். கடைசி வரை யாரும், ஆமாம், நிற்க வைத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மார்க் வாங்கத்தான் செய்தான், படிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிவிட்டேன். அதனால்தான் இந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன், அவ்வளவு கோபப்பட்ட நீங்கள் ஏன் போகவில்லை என்று. “அடிச்சவுக வீட்டுக்கு வந்தாவல்லா. வேற எந்த ஸ்கூல்ல வருவாவ?” என்றார். அவர் இப்போது மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்.

கட்டடம் விஷயமும் இதே மாதிரிதான். 2021 டிசம்பரில் திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்று சாயங்காலமே கேரளாவிலிருந்து அப்பாக்கள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பள்ளியிலும் பின்பக்கச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியிருக்கலாம். பெரிய டீச்சர் மறுநாளே விரிசல் இருந்த பக்கம் கயிறு கட்டி அடைத்தார், தாய்மார்களை அழைத்துச் சுற்றிக் காட்டினார், நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வாசித்துக் காட்டினார். சுவரை இடித்துக் கட்ட நிர்வாகத்துக்குச் சில மாதம் ஆனது. அந்த மாதங்களில் ஒருவரும் டி.சி. கேட்கவில்லை.

காலைச் சாப்பாடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்ததோ 2024 ஜூலை 15 அன்றுதான். இடையில் கிட்டத்தட்ட பதினொரு மாதம், இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் காலையில் ரவா உப்புமா, பொங்கல் என்று போட, இங்கே ஒன்றும் இல்லை. விடியலில் இலை வெட்ட உட்காரும் தாய்க்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. சிலர் மாற்றினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய மாணவர்கள் சிலர் முறை வைத்துச் சுண்டலும் அவித்த பயறும் தந்து பார்த்தார்கள், தினமும் முடியவில்லை. எந்தப் பள்ளியின் நல்ல மனசும் பசிக்கு முன்னால் ஓரளவுக்குத்தான் நிற்கும். திட்டம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில் தாமிரபரணியும் கரை தாண்டியது. ஊரின் ஆற்றோரத் தெருவில் தண்ணீர் புகுந்தது. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் ஜனங்கள் தங்கினார்கள். பீடித் தூளும் இலையும் நனைந்து வீணானது ஒரு நஷ்டம். தகரப் பெட்டியில் இருந்த ஆதாரும் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் களிமண்ணாகக் கிடந்தது இன்னொரு நஷ்டம்.

தண்ணீர் வடிந்ததும் அரசாங்கம் சான்றிதழ்களைத் திரும்பத் தர முகாம் நடத்தியது. முகாமுக்குப் போனால் நம்பர் கேட்பார்கள். யாருக்கு ஆதார் நம்பர் மனப்பாடம்? அப்போதுதான் அந்தப் பீரோ நினைவுக்கு வந்தது. உதவித்தொகைக்காக எடுத்து வைத்த ஜெராக்ஸ் வீட்டுக்கு ஒரு ஃபைலாக அப்படியே உலர்ந்து இருந்தது. பெரிய டீச்சர் வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு, பெயர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அந்தப் பெஞ்ச், பின்பக்கம் பெயர் அழிந்துபோன அதே பழைய பெஞ்ச். வேனில் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் அந்த வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஃபைல் அங்கே இல்லை. ஆனாலும் பெரிய டீச்சர் மண்டபத்து முகாமுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஜூனில் அதில் ஒருவர் தன் சின்னப் பையனை ஒன்றாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்.

போனவர்கள்

இதுவரை எழுதியதைப் படித்தால் எல்லாம் சரியாக நடந்த பள்ளி என்று தோன்றும். அப்படி இல்லை.

சிலர் இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்று போனார்கள். இந்தப் பள்ளியில் அது இல்லை. தன் பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் என்ன தப்பு? பெரிய டீச்சரும் அப்படிப் போனவர்களை இன்முகத்தோடு அனுப்பினார், டி.சி.யை அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு குடும்பம் திரும்பியும் வந்தது.

திரும்பி வராத ஒரு குடும்பம் உண்டு. அதைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்லை. காலனித் தெருவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள், அக்காவும் தம்பியும். மதியச் சாப்பாட்டு வரிசையில் அந்தத் தெருப் பிள்ளைகள் எப்போதும் கடைசியில் நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது, எந்த டீச்சர் கண்ணிலும் அது படவில்லை. என் கண்ணிலும் படவில்லை, எத்தனை நாள் அந்த வரிசையைப் பார்த்திருப்பேன். அம்மாவின் கண்ணில் பட்டது. வந்து சொன்னார். பெரிய டீச்சர் “பாக்கேன்மா” என்றார். அது எமிஸ் வேலையும் (பள்ளி விவரங்களை இணையதளத்தில் ஏற்றுவது) தேர்வு வேலையும் குவிந்திருந்த மாதம். மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா இரண்டு டி.சி. கேட்டு வந்தார். காரணம் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இப்போது இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒன்றியப் பள்ளிக்குப் போகிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதில் ஒரு பரிந்துரை. நாம் அதையெல்லாம் மேல்நிலைப் பள்ளிப் பிரச்சினை என்று நினைக்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் அது தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலிச் சீமையில் பெற்றோர் பள்ளியை நம்புவதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பெரிய டீச்சர் பிறகு வரிசையை மாற்றினார். ஒவ்வொரு நாளும் வேறு வகுப்பு முதலில், வகுப்புக்குள்ளும் பெயர் வரிசை நாளுக்கு நாள் மாறும். டீச்சர்களும் பிள்ளைகளோடு அதே வரிசையில் தட்டு ஏந்தி நின்றார்கள். பெரிய டீச்சர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் வரிசையை மாற்றிவிட்டதாகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அம்மா கேட்டுக்கொண்டார், பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. அடித்ததற்கு அன்றைக்கே போன கால், இதற்கு மூன்று வாரம் போகவில்லை. அந்த அம்மா செய்ததுதான் சரி என்று நான் நினைக்கிறேன். இதைப் பெரிய டீச்சரிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

அடுத்து யார்?

போன ஆகஸ்டிலும் பெயர்கள் அறுபத்தொன்றுக்கு மேலேயே இருந்தன. பெரிய டீச்சருக்கு ஓய்வு நெருங்குகிறது. நான் கடைசியாகப் போனபோது வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “சார், அடுத்து யாரு வருவா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியில் ஒரு சங்கடம் இருக்கிறது. இவர்கள் நம்பியது பள்ளியையா, அந்த ஒரு மனுஷியையா? மூன்றாவது டீச்சர், அந்த ஸ்கேல் டீச்சர், இப்போது வாரத்தில் ஒரு நாள் தானே துணிப்பையோடு தெருவுக்குப் போகிறார். அது ஒரு தொடக்கம். போதுமா என்று சொல்ல முடியாது.

கிளம்பும்போது பெரிய டீச்சர் ஒரு நீள நோட்டைக் காட்டினார். அடுத்து வருகிறவருக்காக எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் வீட்டில் அப்பா எந்த ஊரில் இருக்கிறார், எந்த ஆச்சிக்குக் காது கேட்காது, எந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, எந்த வீட்டில் போனை யார் வைத்திருக்கிறார், எத்தனை மணிக்குப் போனால் பீடி வேலை கெடாது. புரட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக்குப் பக்கத்தில் காலனித் தெருவுக்கும் ஒரு பக்கம் இருந்தது. அந்த அக்கா தம்பி பெயரும் இருந்தது, இந்தப் பள்ளிப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள். எதிரே எழுதியிருந்தார்: “சாயங்காலம் ஆறரைக்கு மேல் அம்மா வீட்டில் இருப்பார். மாதம் ஒரு தடவையாவது போகவும். சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.”